அடைத்தால் போதுமா, கேப் போட்டே ஆக வேண்டுமா?

கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு எனக்கு வேர் சிகிச்சை (ரூட் கேனல்) நடந்தது. வலி நின்றது. "மூன்று வாரத்துக்குள் வந்து கேப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். கேப் என்பது பல்லை முழுதாக மூடும் உறை. வலிதான் இல்லையே என்று ஏழு மாதம் தள்ளிப்போட்டேன். ஒருநாள் இரவு சாப்பிடும்போது 'டக்' என்று ஒரு சத்தம். பல் நடுவில் பிளந்து, விரிசல் வேர்வரை இறங்கியிருந்தது. பிடுங்குவதைத் தவிர வழி இல்லாமல் போயிற்று.

அதே ஆண்டு என் தங்கைக்கு ஒரு பல்லில் சின்னச் சொத்தை. முதலில் பார்த்தவர் நேராகக் கேப் என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர் அடைத்தே அனுப்பினார், இன்றும் அந்தப் பல் நன்றாக இருக்கிறது. எனக்குக் கேப் போடாததால் இழப்பு, அவளுக்குப் போட்டிருந்தால் இழப்பு. அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன், பார்க்கிற பல் மருத்துவர்களையெல்லாம் கேட்டிருக்கிறேன்.

சொத்தை எவ்வளவு பெரியது என்று மட்டும் கேட்டால் அது பாதிக் கேள்விதான். மிச்சப் பல் எவ்வளவு நிற்கிறது, அதன் சுவர்கள் எவ்வளவு தடிமன் என்பதுதான் முக்கியமான மறுபாதி.

கடைவாய்ப் பல்லின் மேல் நாக்கை ஓட்டினால் நான்கைந்து மேடுகள் தட்டுப்படும். மெல்லும்போது மேல்பல்லின் மேடு கீழ்ப்பல்லின் பள்ளத்தில் ஆப்பு மாதிரி இறங்குகிறது. பல் முழுதாக இருக்கும்வரை, முன்னும் பின்னும் உள்ள இரண்டு விளிம்புகள் அந்த மேடுகளைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. சொத்தை அந்த விளிம்புகளைத் தின்றுவிட்டால் பிடிமானம் போய்விடும். ஒவ்வொரு கடியிலும் சுவர்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு வெளியே வளைந்து திரும்பும். திரும்பத் திரும்ப வளைத்த கம்பி ஒடிகிற மாதிரி ஒருநாள் ஒடியும்.

இதை 1989-இல் பிடுங்கிய பற்களை வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். வேர் சிகிச்சைக்காக மேலே துளை போட்டதால் மட்டும் பல்லின் விறைப்பு குறைந்தது வெறும் 5 சதவீதம். மேற்பரப்பில் சாதாரணக் குழி எடுத்தால் 20 சதவீதம். முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு விளிம்புகளும் போய்விட்டால் 63 சதவீதம். வேர் சிகிச்சை செய்த பல் 'காய்ந்து' நொறுங்கிவிடும் என்று பலரும் சொல்வார்கள். அப்படிக் காய்வதெல்லாம் பெரிதாக எதுவும் இல்லை. சுவர் போனதால்தான் உடைகிறது.

சரி, இனி ஒன்றையொன்று எதிரே வைத்துப் பார்க்கலாம்.

பல் நிற அடைப்பின் பெரிய பலம், அது பல்லிடம் அதிகம் கேட்பதில்லை. சொத்தையைச் சுரண்டி எடுத்து, அமிலம் தடவிச் சொரசொரப்பாக்கி, பசைபோல ஒட்டவைக்கிறார்கள். ஒரே அமர்வில் முடிந்துவிடும். ஓரம் பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். பின்னாளில் கேப் தேவைப்பட்டாலும் அந்த வழி திறந்தே இருக்கும். ஆனால் அடைப்பு குழியை நிரப்புமே தவிர, மெலிந்த சுவர்களை வெளியிலிருந்து கட்டிப்பிடிக்காது. அதுவும் பெரிய அடைப்பென்றால், இறுகும்போது சுருங்கி இரு பக்கச் சுவர்களையும் உள்ளே இழுக்கும், ஒட்டிய ஓரம் விட்டுப்போகவும் வாய்ப்புண்டு. பழைய வெள்ளி நிற அடைப்போ பல்லில் ஒட்டவே ஒட்டாது. வெறுமனே குழியில் இறுகி உட்கார்ந்திருக்கும். அதனால் அது பெரிதாக இருக்கும் பற்களில் விரிசல் இருக்கிறதா என்று மருத்துவர்கள் தனியாகப் பார்ப்பார்கள்.

கேப் வேலை செய்யும் விதமே வேறு. மரச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை அடிப்பதுபோல, பல்லைச் சுற்றி வளைத்து இறுக்கிப் பிடிக்கிறது. கடிக்கும் விசை சுவர்களைப் பிரிக்காமல் வேரை நோக்கிக் கீழே இறங்குகிறது. நான் தள்ளிப்போட்ட ஏழு மாதமும் என் பல்லுக்கு இல்லாமல் போனது இந்தப் பட்டைதான்.

ஆனால் பட்டை உட்கார இடம் வேண்டும். அந்த இடத்தைப் பல்லைச் சுற்றிலும் மேலேயும் சீவித்தான் எடுக்க வேண்டும். முழுக் கேப் போட, ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் 63 முதல் 76 சதவீதம்வரை போய்விடுகிறது என்று 2002-இல் எடை போட்டுக் கணக்கிட்டார்கள். போன எனாமல் திரும்ப முளைக்காது. உயிருள்ள பல்லாக இருந்தால், சீவும்போது கருவி நரம்புக்கு அருகே போகிறது. கேப் போட்ட சில பற்களுக்குப் பிற்காலத்தில் வேர் சிகிச்சை தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். என் தங்கையின் பல்லில் நல்ல சுவர்கள் நான்கும் நின்றிருந்தன. அவற்றைச் சீவித்தள்ளிவிட்டுக் கேப் மாட்டியிருந்தால் அது பாதுகாப்பாக இருந்திருக்காது, சேதமாகவே இருந்திருக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஆன்லே என்று ஒன்று உண்டு. அதைப் பற்றி நோயாளிகளிடம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். வெளியே தயாரித்த செராமிக் அல்லது தங்கத் துண்டு அது. பலவீனமான மேடுகளை மட்டும் மேலிருந்து மூடிக்கொள்ளும், பக்கச் சுவர்களைப் பெரும்பாலும் தொடாது. ஒன்றிரண்டு மேடுகள் மெலிந்து, மற்றவை திடமாக இருக்கும் பல்லுக்கு இது நல்ல தேர்வு. கேப்பைவிடக் குறைவாகச் சீவினால் போதும். ஓரம் ஈறுக்கு மேலேயே நிற்பதால் சுத்தம் செய்வதும் எளிது. ஆனால் சுற்றிலும் ஒட்டிக்கொள்ள நல்ல எனாமல் இருக்க வேண்டும், ஒட்டும்போது ஈரம் படக் கூடாது. பாதிப் பல் ஈறுக்குக் கீழே அழுகியிருக்கும் நிலையில் ஆன்லே நிற்காது.

பிறகு எப்போது கேப்தான் சரி? எந்தத் தயக்கமும் இல்லாமல் நான் முதலில் சொல்வது, விளிம்புகளை இழந்து வேர் சிகிச்சையும் முடிந்த கடைவாய்ப் பல். 2002-இல் வெளியான இன்னொரு ஆய்வில், வேர் சிகிச்சைக்குப் பின் கேப் போடாத பற்கள், போட்டவற்றைப்போல ஆறு மடங்கு வேகத்தில் பிடுங்கப்பட்டிருந்தன. கேப் போட்டுக்கொண்டவர்கள் பொதுவாகவே பல்லைக் கூடுதலாகக் கவனிப்பவர்களாக இருக்கலாம், அதனால் ஆறு மடங்கையும் கேப்பின் கணக்கில் எழுத முடியாது. அப்படிக் கழித்துப் பார்த்தாலும் திசை தெளிவாகத்தான் இருக்கிறது. என் பல்லும் அதே திசையில்தான் போனது. எல்லா மேடுகளையும் மூடும் ஆன்லேயும் இந்த இடத்தில் ஓரளவு ஈடுகொடுக்கும், ஆனால் வெறும் அடைப்போடு விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது விரிசல். இதைக் கண்டுபிடிப்பதே கஷ்டம், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அடையாளம் ஒன்று உண்டு: கடிக்கும்போது அல்லது கடித்ததை விடும்போது சுருக்கென்று குத்தும், குளிர்ச்சி பட்டால் கூசும், ஆனால் எந்தப் பல் என்று கைகாட்டத் தெரியாது. மருத்துவர் ஒவ்வொரு மேட்டின் மேலும் சிறு கருவி வைத்துக் கடிக்கச் சொல்லிக் கண்டுபிடிப்பார். இந்தக் கட்டத்தில் கேப் போட்டால் விரிசலை இறுக்கிப் பிடித்துப் பரவலைக் கட்டுப்படுத்தலாம். வேருக்குள் இறங்கிய பிறகு எந்தக் கேப்பும் உதவாது.

மேடு உடைந்து சுவர் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக மெலிந்த பல், மாற்றி மாற்றி அடைத்து அடைத்துப் பெரிதாகிப்போன பல், இரவில் பல்லைக் கடிப்பவர்களின் பலவீனமான பல் ஆகியவையும் மேடுகளை மூட வேண்டிய பக்கமே சாயும்.

முன்பற்களின் கதை வேறு. அவை மெல்லுவதில்லை, வெட்டுகின்றன. ஆப்பு மாதிரிப் பிளக்கும் விசை அங்கே குறைவு. வேர் சிகிச்சை செய்திருந்தாலும், மிச்சப் பல் முழுதாக நின்றால் பின்புறத் துளையை அடைத்தாலே பெரும்பாலும் போதும். நிறம் மாறிவிட்டது என்பதற்காகக் கேப் போடுவதற்கு முன், உள்ளிருந்தே வெளுக்கவைக்க முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

குழந்தைகளின் பால்பற்களில் ஸ்டீல் கேப் நல்ல தேர்வு. ஸ்காட்லாந்தின் பல் மருத்துவர் நோர்னா ஹால் பெயரில் வழங்கும் முறையில் மரத்துப்போகும் ஊசியும் கிடையாது, குடைதலும் கிடையாது. சொத்தையின் மேலேயே கேப்பை மாட்டி மூடிவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

கேப்பே போட முடியாத பல்லும் உண்டு. ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது திடமான பல் தெரிய வேண்டும். அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டுதான் கேப் நிற்கிறது. அது இல்லாமல் உள்ளே கம்பி நட்டு மேலே கட்டினால், கம்பியோடு கழன்று வரலாம், வேரையும் பிளக்கலாம். அப்படிப்பட்ட பல்லைப் பிடுங்கிவிட்டு இம்பிளாண்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல், வைப்பது நேர்மையான பதில். ஆனால் காப்பாற்றக்கூடிய பல்லை இம்பிளாண்ட்டுக்காக விட்டுக்கொடுப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

எந்தப் பொருளில் கேப் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பின்பற்களுக்கு ஜிர்கோனியா என்ற கடினமான செராமிக் உறுதியானது, நன்றாகப் பாலிஷ் செய்திருந்தால் எதிர்ப்பல்லையும் அதிகம் தேய்க்காது. உள்ளே உலோகம் வைத்த செராமிக்கில் ஈறு கொஞ்சம் இறங்கினாலும் கறுப்புக் கோடு தெரியும். முன்பற்களுக்கு ஒளி ஊடுருவும் கண்ணாடிச் செராமிக்தான் இயற்கைப் பல்லோடு கலந்துபோகும்.

அப்புறம், கேப்புக்குச் சொத்தை வராது, கேப்பின் ஓரத்தில் பல்லுக்கு வரும். அந்த ஓரத்தில்தான் பிரஷ்ஷும் நூலும் தினமும் போக வேண்டும்.

போன ஆண்டு எதிர்ப்பக்கப் பல்லில் என் பழைய அடைப்பின் ஒரு மூலை உடைந்தது. இந்தமுறை மருத்துவரிடம் கண்ணாடியைக் காட்டச் சொல்லி, எத்தனை சுவர் நிற்கிறது, எவ்வளவு தடிமன், விரிசல் இருக்கிறதா, ஆன்லே நிற்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்று மேடுகள் நன்றாக இருக்கின்றன, ஒன்றுதான் மெலிந்திருக்கிறது என்று காட்டினார். ஆன்லே போதும் என்றார். இரண்டாம் அமர்வுக்கு வரச் சொன்ன நாளுக்கு முந்தின நாளே போய் நின்றேன்.