ஸ்கிராட்ச் ஜூனியரோடு நான்கு ஆண்டுகள்: ஈசூன் சனிக்கிழமை வகுப்பிலிருந்து

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வசிப்போர் குழுவுக்கு ஓர் அறை உண்டு. 2022 ஜூன் விடுமுறையில் ஆறு பிள்ளைகளோடு அங்கே உட்கார்ந்தேன். இப்போது சனிக்கிழமை காலைகளில் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். எல்லாரும் தொடக்கநிலை 1 முதல் 3 வரை படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள். கையில் ஆறு டேப்லட், அவற்றில் ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற, நிரலாக்கம் பழக்கும் செயலி. நான் மென்பொருள் சோதனை வேலை பார்ப்பவள், ஆசிரியப் பயிற்சி கிடையாது. ஆனாலும் லிஃப்டில் பார்க்கிற பெற்றோர் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "அந்தச் செயலி நல்லாருக்கா, வீட்டிலேயே போட்டுக் கொடுத்துடலாமா?" லிஃப்ட் பத்தாவது மாடிக்குப் போவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நல்ல செயலி. போட்டுக் கொடுங்கள். ஆனால் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள்.

5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கென்று டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் எம்ஐடி மீடியா லேபும் சேர்ந்து உருவாக்கி, 2014இல் வெளியிட்ட செயலி இது. இலவசம். திரையில் ஒரு பூனை நிற்கும். கீழே வண்ண வண்ணக் கட்டைகள் இருக்கும். அவற்றை இழுத்து ஒன்றோடொன்று கோத்தால் பூனை அதன்படி நகரும். (இங்கே புளோக் என்றால் வீடு என்றுதான் பிள்ளைகளுக்குப் பழக்கம், அதனால் முதல் நாளிலிருந்தே நான் 'கட்டை' என்றுதான் சொல்கிறேன்.) மஞ்சள் கட்டை தொடங்கிவைக்கும், நீலம் நகர்த்தும், ஊதா உருவத்தை மாற்றும், பச்சை ஒலி, ஆரஞ்சு கட்டுப்பாடு, சிவப்பு முடிவு.

கட்டைகளின் மேல் அவற்றின் பெயர் எழுதியிருக்காது, படம்தான் இருக்கும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். எங்களுக்கு அது வேறொரு வழியில் கைகொடுத்தது. பெயர் எழுதாத பொருளுக்கு யாராவது பெயர் வைத்துத்தானே ஆகவேண்டும்? எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள். தமிழ் அவர்களுக்குப் பள்ளிப்பாடம். நான் இரண்டு கட்டைகளுக்கு மட்டும் 'போ', 'திரும்பு' என்று தொடங்கிவைத்தேன். மூன்றாவது வாரத்துக்குள் 'குதி', 'மறை', 'பெரிசாகு', 'காத்திரு', 'வீட்டுக்குப் போ' எல்லாம் அவர்களே வைத்துவிட்டார்கள். செய்தி அனுப்பும் கட்டையில் ஒரு கடித உறை இருக்கும். அதற்குச் 'சிவப்புக் கடிதம்', 'நீலக் கடிதம்' என்று பெயர். கட்டைகளில் ஆங்கிலச் சொல் அச்சிட்டிருந்தால் அவர்கள் அதையேதான் சொல்லியிருப்பார்கள். நான் எவ்வளவு தமிழில் பேசினாலும் இது நடந்திருக்காது.

டேப்லட்டை எடுக்குமுன் இருபது நிமிடம் தரையில் விளையாடுகிறோம். கீழ்த்தளத்துத் தரை ஓடுகளே கட்டங்கள். ஒருவர் ரோபோ, இன்னொருவர் கட்டளை போடுவார்: "முன்னே மூணு. வலப்பக்கம் திரும்பு. முன்னே ரெண்டு." இதில் எங்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. சில பிள்ளைகள் பாலர் பள்ளியிலேயே பீ-பாட் என்ற தேனீ வடிவ ரோபோவை ஓட்டியவர்கள். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் பிளேமேக்கர் திட்டம் வழியாக அந்த மஞ்சள் தேனீ பல பாலர் பள்ளிகளுக்குப் போயிருக்கிறது. பீ-பாட்டில் திரும்பும் பொத்தானை அழுத்தினால் தேனீ நின்ற இடத்திலேயே திரும்பும், அப்புறம் தன் முகம் பார்க்கும் திசையில் போகும். ஸ்கிராட்ச் ஜூனியரில் அப்படியில்லை. பூனையைத் தலைகீழாகத் திருப்பிவைத்தாலும் வலப்பக்க அம்பு அதைத் திரையின் வலப்பக்கத்துக்குத்தான் கொண்டுபோகும். "ஆன்டி, இது சொன்னபடி கேட்கமாட்டேங்குது" என்று ஒரு தொடக்கநிலை 1 பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. அதிலிருந்து தரை விளையாட்டை இரண்டு விதமாக ஆடுகிறோம்: ஒரு வாரம் தேனீபோல, மறுவாரம் பூனைபோல. பூனைபோல ஆடும்போது முகத்தைச் சுவர்ப்பக்கமே வைத்துக்கொண்டு நண்டுபோல நகரவேண்டும்.

திருப்பும் கட்டையில் 12 போட்டால் உருவம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். கடிகாரம் படித்துக்கொண்டிருக்கும் வயதில் இதைவிடப் பொருத்தமான எண் வேறில்லை. "3 போட்டா கால் சுத்து" என்று ஒருவர் கண்டுபிடித்தால் அறை முழுக்கப் பரவிவிடும்.

ஆளுக்கு ஒரு டேப்லட் வேண்டாம் என்பதுதான் நான் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது. முதல் ஆண்டு ஆறு பேருக்கு ஆறு இருந்தது. அறையில் சத்தமே இல்லை. நல்லது என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் பார்த்தேன், பாதிப் பேர் வரையும் பகுதிக்குள் போய்ப் பூனைக்கு நிறம் மாற்றிக்கொண்டே ஒரு மணி நேரத்தைக் கழித்திருந்தார்கள். இப்போது இரண்டு பேருக்கு ஒன்று. ஒருவர் 'கை', ஒருவர் 'வாய்'. கை, வாய் சொல்வதை மட்டும்தான் செய்யலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சமையலறை மணி அடிக்கும், மாற்றிக்கொள்ள வேண்டும். வாயாக இருப்பவர் யோசித்ததைச் சொல்லியே ஆகவேண்டும். "அந்த ஆரஞ்சு" என்று சொன்னால் போதாது, "மூணு தடவை திரும்பச் செய்" என்று சொல்லவேண்டும். உடன்பிறப்பு இல்லாத வீட்டில் அப்பாவோ தாத்தாவோ கையாக இருக்கலாம், பிள்ளை வாய்.

பிள்ளைகள் நெடுநாள் தடுமாறுகிற இடம் 'ஒன்றன்பின் ஒன்று', 'ஒரே நேரத்தில்' என்ற வேறுபாடு. பூனை ஓடிக்கொண்டே பெரிதாகவேண்டும் என்று நினைப்பார்கள். 'போ' கட்டைக்குப் பின்னால் 'பெரிசாகு' கட்டையை ஒட்டுவார்கள். பூனை ஓடி முடித்து, நின்று, அப்புறம்தான் பெரிதாகும். இரண்டு தனி வரிசை வைத்து, இரண்டின் தலையிலும் பச்சைக்கொடிப் படமுள்ள மஞ்சள் கட்டையை வைக்கவேண்டும். இதை வாயால் எத்தனை முறை விளக்கினாலும் ஏறாது. நான் இரண்டு பிள்ளைகளை நிற்கவைத்து, ஒருவரிடம் "கொடி காட்டினதும் நட", மற்றவரிடம் "கொடி காட்டினதும் கைதட்டு" என்று சொல்லிக் கைக்குட்டையை ஆட்டினேன். அன்று புரிந்தது.

சென்ற ஆண்டு தொடக்கநிலை 2 பையன் ஒருவன் செய்த ரயிலைப் பற்றிச் சொல்லவேண்டும். வடகிழக்கு ரயில்பாதையில் பூன் கெங், ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா, தோபி காட் என்று பக்கத்துக்கு ஒரு நிலையம். ரயில் ஓடும், நிற்கும், அவன் பதிவுசெய்த குரல் வரும்: "அடுத்து லிட்டில் இந்தியா. தேக்காவுக்குப் போறவங்க எல்லாரும் இறங்குங்க." பிறகு சிவப்புக் கட்டை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும். ஐந்தாவதாகக் கிளார்க் கீ வேண்டும் என்றான். ஒரு படைப்புக்கு நான்கு பக்கம்தான், அதற்கு மேல் செயலி தராது. முடியாது என்று நான் சொல்லிவிட்டேன். அவன் இணையாளி, எப்போதும் மெதுவாகப் பேசும் ஒரு பெண், "போர்டை மட்டும் மாத்தலாமே" என்றாள்.

நான்காவது பக்கத்தில் இரண்டு பெயர்ப்பலகைகளை வரைந்தார்கள், ஒன்றின் மேல் ஒன்று. ரயில் போய்த் திரும்பி வந்ததும் சிவப்புக் கடிதம் அனுப்பும். கடிதம் கிடைத்தால் தோபி காட் பலகை மறையும், கிளார்க் கீ பலகை தெரியும். ஓட்டிப் பார்த்தார்கள். முதலிலேயே இரண்டு பலகையும் சேர்ந்து தெரிந்தன, ஒன்றையும் படிக்க முடியவில்லை. அவன் கடிதத்தின் நிறத்தை மாற்றிப் பார்த்தான், ரயிலை மெதுவாக்கிப் பார்த்தான். வாயில் வந்த சொல்லை நான் விழுங்கிக்கொண்டேன். ஆறேழு நிமிடம் ஆகியிருக்கும். "இது ஆரம்பத்துல ஒளிஞ்சிருக்கணும்" என்று அவள் சொல்லி, கிளார்க் கீ பலகைக்குப் பச்சைக்கொடியும் 'மறை' கட்டையும் வைத்தாள். வேலை செய்தது. முடியாது என்று நான் சொன்னதை இருவரும் செய்து காட்டியபோது எனக்கு வந்த மகிழ்ச்சி, அலுவலகத்தில் எந்தப் பிழையைக் கண்டுபிடித்தபோதும் வந்ததில்லை.

குறைகளும் உண்டு. படைப்புகள் அந்த டேப்லட்டிலேயே சேமிக்கப்படும். செயலியை நீக்கினால் அவையும் போய்விடும். ஒருமுறை வேகம் குறைந்த டேப்லட் ஒன்றைத் துடைத்துப் புதிதாக்கினேன், மூன்று மாத வேலை போயிற்று. அந்த இரு பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது மாதக் கடைசியில் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் பெற்றோருக்கு அனுப்பிவிடுகிறேன். சிறிய திரையில் 'திரும்பச் செய்' கட்டையின் வாய்க்குள் மற்றக் கட்டைகளை நுழைப்பது ஆறு வயது விரலுக்குக் கடினம், பத்து அங்குலத் திரை நல்லது. நன்கொடையாக வந்த பழைய டேப்லட் ஒன்றின் மின்கலம் உப்பிவிட்டது. பழையதை வாங்கினால் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.

திரை நேரம் பற்றிக் கவலைப்படுவோருக்கு: 2025 ஜனவரியில் வந்த அரசாங்க வழிகாட்டி, 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை தவிர நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது. எங்கள் வகுப்பில் வாரத்துக்கு நாற்பது நிமிடம். அது போதும்.

தொடக்கநிலை 3 முடியும்போது செயலி போதாமல் போய்விடும். அதைக் கட்டாயப்படுத்தி நீட்டாதீர்கள். மேல் வகுப்புகளில் எப்படியும் பள்ளியிலேயே 'கோட் ஃபார் ஃபன்' என்ற நிரலாக்க வகுப்பு பத்து மணி நேரம் வரும், 2020 முதல் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. ரயில் செய்த பையன் இந்த ஆண்டு வந்து, "ஆன்டி, ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் எத்தனை பேர் ஏறினாங்கன்னு ரயிலுக்கு ஞாபகம் இருக்கணும், எந்தக் கட்டை?" என்று கேட்டான். அப்படி ஒரு கட்டை இதில் இல்லை. எண்ணை நினைவில் வைக்கும் 'மாறி' கிடையாது, 'இப்படியானால் அப்படிச் செய்' என்னும் நிபந்தனை கிடையாது. அடுத்த வாரம் என் மடிக்கணினியைக் கொண்டுவந்து, பெரிய பிள்ளைகளுக்கான ஸ்கிராட்ச்சைத் திறந்து அவர்கள் இருவர் முன்னால் வைத்தேன்.