மூன்று கோடை கண்ட கவசம்

செவ்வாய்க் கிரகத்தில் காவல் நிற்கும் ஒரு வீரனை மனதில் வைத்து நானே வரைந்து, வெட்டி, ஒட்டிய கவசம் இது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 2022 மார்ச்சில் தொடங்கி ஆகஸ்டில் முடித்தேன். பள்ளி அறிவியல் நாள், கல்லூரி விழா, அக்கா மகன் பிறந்தநாள் என்று இதுவரை இருபது தடவைக்கு மேல் போட்டாயிற்று. முடித்த அன்று எடுத்த படத்தை வைத்து ஒரு கவசத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நெல்லை வெயிலில் மூன்று கோடை போன பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

முழுக்க ஈவா (EVA) என்கிற ஃபோம் ஷீட்தான். செருப்புச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். மார்புக்கும் முதுகுக்கும் 10 மி.மீ., கை கால்களுக்கு 5 மி.மீ. பழைய பனியனைப் போட்டுக்கொண்டு மேலே பிரவுன் டேப் சுற்றி, கோடு போட்டு, வெட்டி எடுத்து விரித்தால் உங்கள் உடம்பின் அளவிலேயே அச்சுத்தாள் கிடைத்துவிடும். கட்டர் பிளேடை அடிக்கடி மாற்றுங்கள். முனை மழுங்கினால் ஷீட் அறுபடாது, பிய்யும்.

ஈவா சூட்டில் இளகும், ஆறியதும் பிடித்த வடிவத்தில் நிற்கும். தோள் மூடிக்கு ஆச்சியின் பித்தளைக் குடம்தான் அச்சு. ஹீட் கன்னால் சுட வைத்து, குடத்தின் அடியில் கவிழ்த்து அமுக்கி, இரண்டு நிமிடம் பிடித்திருந்தால் போதும். ஆச்சி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஏய்யா, இம்புட்டையும் மாட்டிக்கிட்டு எப்படி நடப்ப, கனக்காதா?" என்றார். கையில் கொடுத்தேன். தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தலைக்கவசம் உட்பட மொத்தமே மூன்றரைக் கிலோதான்.

அந்த மூன்றரைக் கிலோவும் தோளில் மட்டும் தொங்கினால் ஒரு மணி நேரத்தில் கழுத்து போய்விடும். இதற்கு வழி சொன்னவர் சித்தப்பா. வருடா வருடம் தசராவுக்கு மாலை போட்டு, குலசை (குலசேகரன்பட்டினம்) முத்தாரம்மனுக்குக் காளி வேஷம் கட்டுகிறவர். அது நேர்ச்சை, விரதம். நான் செய்வதை அதோடு சேர்த்துப் பேச மாட்டேன். ஆனால் கிரீடமும் கைகளும் வைத்துக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நடப்பவருக்கு எடையைப் பற்றித் தெரியாதது இல்லை. "பாரம் இடுப்புல இறங்கணும்ல, தோள்ல நிக்கப்படாது" என்றார். உள்ளே அகலமான இடுப்பு வார் ஒன்று வைத்து, மார்புத் தகட்டையும் முதுகுத் தகட்டையும் அதில் பை வாரில் வரும் கிளிப்பால் மாட்டினேன். மூன்று வருடத்தில் நான் மாற்றாமல் விட்ட ஒரே பாகம் அந்த வார்தான்.

அப்புறம் கவசத்தைப் பார்வைக்குப் பழசாக்கும் வேலை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், மிகவும் தப்பு செய்ததும் இதில்தான்.

அடியில் வெள்ளி நிறம். அதன் மேல் தண்ணீர் தெளித்து அங்கங்கே கல்லுப்பைத் தூவிக் காயவிட்டேன். மேலே ஆலிவ் பச்சை ஸ்பிரே. காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், பெயின்ட் உரிந்து உலோகம் தெரிவது போலவே இருக்கும். பார்க்க அருமை. ஆனால் உப்பு ஈரத்தை இழுக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு தடவை கழுவிய பிறகுதான் வார்னிஷ் அடிக்க வேண்டும். முதுகுத் தகட்டை நான் சரியாகக் கழுவவில்லை. ஐப்பசி மழையில் வார்னிஷுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது.

புழுதி நிறத்துக்குத் திசையன்விளை பக்கம் தேரிக்காடு என்கிற செம்மணல் காட்டுக்குப் போனேன். தேரி மணல்மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். செவ்வாயின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான். மணலை அள்ளி வரவில்லை. நிறத்தை மட்டும் படம் பிடித்து வந்து, கடையில் வாங்கிய காவிப் பொடியில் கொஞ்சம் பழுப்பு கலந்து பொருத்திக்கொண்டேன். அங்கே ஆடிக் காற்றில் அரை மணி நேரம் நடந்ததில் என் பேன்ட்டில் செம்மண் எங்கெங்கே பிடித்தது என்று பார்த்ததுதான் பெரிய லாபம். பாதத்தில் அப்பிக்கொண்டது, முழங்கால் மடிப்பில் கோடாக நின்றது, இடுப்புக்கு மேல் லேசான பூச்சு மட்டும். அதை அப்படியே கவசத்துக்குக் கொண்டுவந்தேன். இன்றும் கால் பகுதியைத்தான் எல்லோரும் உற்றுப் பார்க்கிறார்கள். ஒரு பையன், "அண்ணே, மகேந்திரகிரியில இருந்து வாரீங்களா?" என்று கேட்டான். இஸ்ரோவின் ராக்கெட் என்ஜின் சோதனை மையம் இருக்கும் இடம் அது.

இனி மூன்று கோடையின் கணக்கு. 2023 மே மாதம் வெயிலில் நின்ற காருக்குள் மார்புத் தகட்டை ஒரு மதியம் வைத்துவிட்டேன். வளைவு தட்டையாகி, இரண்டு இணைப்புகள் விட்டுப் போயிருந்தன. சன்மைக்கா ஒட்டும் ரப்பர் பசை சூட்டில் இளகிவிடுகிறது. மறுபடி சுட வைத்து வளைத்து, இணைப்புக்கு உள்பக்கம் துணிப் பட்டை ஒட்டினேன். அதற்குப் பிறகு விடவில்லை. ஷீட்டின் துளைகளை அடைக்க முதலில் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து பூசியிருந்தேன். வியர்வை பட்ட இடமெல்லாம் பிசுபிசுத்தது, முழங்கையில் வெடித்தது. சுரண்டிவிட்டு, மொட்டை மாடிக்கு அடிக்கும் வாட்டர்ப்ரூஃப் பூச்சை இரண்டு கை அடித்தேன். ரப்பர் மாதிரி வளைகிறது, வெடிப்பே இல்லை. புதிதாகச் செய்கிறவர்கள் முதலிலேயே இதைப் பூசிவிடலாம். தலைக்கவசத்துக்குள் கம்ப்யூட்டர் மின்விசிறி ஒன்றை வைத்துப் பவர் பேங்கில் ஓட்டுகிறேன். அது இல்லாமல் பத்து நிமிடம்கூட முடியாது.

முதல் வருடம் நான் போட்ட கீறல்களில் பாதி, அழகுக்காக மார்பின் நடுவில் போட்டவை. உண்மையில் அங்கே எதுவும் உரசுவதே இல்லை. போட்டு நடந்தபோது தேய்ந்தது வேறு இடங்கள்: அக்குள் ஓரம், தொடையின் உள்பக்கம், கிளிப் மாட்ட விரல் போகும் விளிம்பு. நம்ம டவுன் பஸ்ஸில் படிக்கட்டு ஓரமும் கைப்பிடிக் கம்பியும்தானே பளபளக்கின்றன, கூரை அல்லவே. என் கவசத்தில் ஒரே சிக்கல், தேய்ந்தால் உள்ளே தெரிவது உலோகம் இல்லை, கறுப்பு ஷீட். அதனால் ஒவ்வொரு தடவையும் கழற்றியதும் கறுப்பு தெரியும் இடங்களில் மட்டும் சின்ன ஸ்பாஞ்சால் வெள்ளியைத் தொட்டு வைக்கிறேன். மார்பு நடுவில் இருந்த கீறல்களை 2024-இல் பச்சை அடித்து மூடிவிட்டேன்.

போன வாரம் பார்த்தபோது இடது மணிக்கட்டு ஓரத்தில் புதிதாக ஒரு விரல் நீளம் கறுப்பு தெரிகிறது. வாட்ச் உரசிய இடம். ஞாயிற்றுக்கிழமை வெள்ளி வைக்க வேண்டும்.