லேன் கேபிளா, வைஃபையா?

"வைஃபை வரலை" என்றால் இணையமே போய்விட்டது என்று பொருள் கொள்கிறோம். உண்மையில் வைஃபை என்பது ரவுட்டருக்கும் உங்கள் கருவிக்கும் இடையில் உள்ள பாதை மட்டும்தான். அதே பாதையை லேன் கேபிளாலும் போடலாம். எது நல்லது?

பலரும் வேகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். 'ஏசி1200' என்று போட்ட ரவுட்டர் 1200 எம்பிபிஎஸ் தரும் என்று நம்பி வாங்குகிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 867, இரண்டையும் கூட்டி, மேலே கொஞ்சம் ஏற்றிப் போட்ட எண் அது. ஃபோன் பொதுவாக ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் இணைந்திருக்கும்.

வேகத்தைவிட முக்கியம், வரிசை. வீட்டு வைஃபையில் ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு துண்டில், பொதுவாக ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஃபோன் முதலில் காற்றைக் கவனிக்கும். வேறு யாரும் பேசவில்லை என்றால்தான் அனுப்பும். போய்ச் சேர்ந்ததற்குப் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே சேனலில் இருந்தால் அதுவும் இந்த வரிசையில்தான் நிற்கிறது. வீடியோ கால் திக்குவதற்குப் பல நேரம் இந்தக் காத்திருப்புதான் காரணம். கேபிளில் இந்தத் தொல்லை கிடையாது. கருவிக்கும் ஸ்விட்சுக்கும் (கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி, வீட்டில் பெரும்பாலும் ரவுட்டருக்குள்ளேயே இருக்கும்) நடுவே தனிப்பாதை. அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு வரலாறு உண்டு. 1971-இல் ஹவாய் தீவுகளை ரேடியோவால் இணைத்த அலோஹாநெட்டைப் பார்த்துத்தான், 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப், இன்றைய லேன் கேபிள் இணைப்புக்கு அடிப்படையான ஈதர்நெட்டை யோசித்தார். காற்றில் பிறந்த யோசனை கம்பிக்குப் போனது. அந்தக் காலத்தில் எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியைப் பங்கு போட்டுக்கொண்டன. பின்னால் ஸ்விட்ச் வந்து கம்பியை அந்த வரிசையிலிருந்து விடுவித்தது. வைஃபை இன்னும் வரிசையில்தான் நிற்கிறது.

கேபிளுக்கும் குறை உண்டு. சுவரைத் துளைக்க வேண்டும், எலி கடிக்கும், ஒரே நீளமாக 100 மீட்டருக்கு மேல் இழுக்கக்கூடாது. உள்ளே எட்டுக் கம்பிகள். 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு (1000 எம்பிபிஎஸ்) எட்டும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கே போதும். மீதி நான்கில் ஒரு கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டால், அதாவது முனையில் இறுக்கமாகப் பொருந்தாவிட்டால், பெரும்பாலும் இணைப்பு அறுந்துவிடாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 300 எம்பிபிஎஸ் திட்டத்தில் வேகச் சோதனை எப்போதும் 94 பக்கத்தில் நின்றால் முதலில் கேபிளின் முனையைப் பாருங்கள். வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தில் செம்பு பூசியதும் கடையில் கிடைக்கிறது, வேண்டாம்.

என் முடிவு இதுதான்: டிவி, மேசைக் கணினி, வேலைக்கான லேப்டாப் என இடம் மாறாத எல்லாவற்றுக்கும் கேபிள். ஃபோனுக்கும் டேப்லெட்டுக்கும் வைஃபை, அதில் கேள்வியே இல்லை. ரவுட்டர் இருக்கும் அறையில் 5 கிகாஹெர்ட்ஸ், சுவர் தாண்டினால் 2.4. அதில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் எது காலியோ அது.

மாடியில் சிக்னல் எட்டவில்லையா? ரிப்பீட்டர் வாங்காதீர்கள். பெரும்பாலான ரிப்பீட்டர்கள் ஒவ்வொரு தகவலையும் காற்றில் இரண்டு முறை அனுப்பி வரிசையை நீட்டுகின்றன. ஒரே ஒரு கேபிளை மேலே இழுத்து, பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் கருவி) ஆக்குங்கள். அப்புறம், அதில் டிஹெச்சிபியை, அதாவது கருவிகளுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் வசதியை, அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு ரவுட்டர்களும் முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும்.