எச்சரிக்கை: பாறையில் ஒட்டி வந்த உயிர்களுக்குக் கடைக்காரர் வைக்கும் பெயரை நம்பாதீர்கள்

ராத்திரி பதினொரு மணி இருக்கும். கடல்மீன் தொட்டியின் விளக்கை அணைத்து அரை மணி ஆகியிருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்த என் மகள், "அப்பா, தொட்டிக்குள்ள பூரான்!" என்று கத்தினாள். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். அரையடி நீளம், இளஞ்சிவப்பு உடம்பு, இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாய் முடிக்கற்றை. வெளிச்சம் பட்டதும் பாறைப் பொந்துக்குள் இழுத்துக்கொண்டது. அந்த ஐந்து விநாடி வீடியோவை நான் கடைக்காரருக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் என் தொட்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் இருந்து சொல்கிறேன். சென்னையில் மூன்றடித் தொட்டி, ஏறக்குறைய 190 லிட்டர். மீன் வளர்த்துப் பழக்கம் உண்டு. கடல் தொட்டி இதுதான் முதல் தடவை. லைவ் ராக் எனப்படும், கடல் உயிர்கள் ஒட்டியிருக்கும் பாறை 18 கிலோ, கிலோ 650 ரூபாய் என்று வாங்கினேன். இந்தோனேசியாவில் செயற்கையாகச் செய்து கடலில் ஊற வைத்த பாறை என்றார். பில் கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் யாரு சார் பில்லு போடுறாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். வீட்டில் கழுவிப் பார்த்தால் இரண்டு துண்டுகளில் பூப்பூவாய் பவளக் கூட்டின் அச்சு தெளிவாகத் தெரிந்தது. கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சரிசமமாக இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் பவளப் பாறையை வெட்டி எடுத்ததில் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள்ளேயே போய்விட்டன. அன்றே கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் தப்பு.

இரண்டாவது வாரம் பாறையில் பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டிப் பூக்கள் முளைத்தன. போட்டோ அனுப்பினேன். "பேபி அனிமோன் சார், உங்களுக்கு லக்கு. தனியா வாங்கினா ரெண்டாயிரம்" என்று பதில் வந்தது. அனிமோன் என்பது நீமோ மீன் குடியிருக்கும் பூப்போன்ற கடல் உயிர். நீமோ அதில் போய் உட்காரும் என்று வீடே காத்திருந்தது. ஒரு மாதத்தில் மூன்று நாற்பதாகிவிட்டது. அது ஐப்டேசியா, கடல் தொட்டிக்காரர்களின் பார்த்தீனியச் செடி. சுரண்டி எடுத்தால் விட்டுப்போன துணுக்கு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும். சுண்ணாம்புக் குழம்பையோ எலுமிச்சைச் சாற்றையோ சிரிஞ்சில் எடுத்து அதன் வாயில் விட வேண்டும். நான் பிளேடால் சுரண்டியிருந்தேன்.

அதைத் தின்ன பெப்பர்மின்ட் இறால் என்று ஜோடி 1,800 ரூபாய்க்குக் கொடுத்தார். அவை ஐப்டேசியாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆசையாய் வாங்கி வைத்த ஜோவாந்தஸ் என்ற, பொத்தான் மாதிரி இருக்கும் பவள இன உயிர்களைத்தான் கொத்தித் தின்றன. வந்தது ஒட்டக இறால். முதுகில் கூன், சிவப்பு உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியும், குண்டுக் கண்கள். பெப்பர்மின்ட்டுக்கு வெள்ளைக் கோடே கிடையாது. இரண்டையும் ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். தினம் விற்கிறவருக்குத் தெரியாதா?

இவ்வளவு ஆன பிறகும் அந்தப் பூரான் வீடியோவை அவருக்கே அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆனால் எனக்கும் ஒரு காரணம் இருந்தது. பத்து நாளாக நத்தைகள் செத்துக்கொண்டிருந்தன. காலையில் பார்த்தால் ஓடு உடைந்து வெறுமையாகக் கிடக்கும். ராத்திரியில் 'டொக், டொக்' என்று கண்ணாடியில் கல்லெறிவது போலச் சத்தம் வேறு.

"ஃபயர் வார்ம் சார். விட்டா எல்லாத்தையும் தின்னுடும். மருந்து இருக்கு, உடனே வாங்க" என்றார். லேபிள் இல்லாத பாட்டில், உள்ளே நீல நிறத் தண்ணீர், 850 ரூபாய். பத்து மூடி ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

காலையில் கதவைத் திறக்கும்போதே நாற்றம். நத்தைகள் மல்லாந்து கிடந்தன. துறவி நண்டுகள் ஓட்டைவிட்டு வெளியே வந்து செத்திருந்தன. பொந்துகளிலிருந்து புழுக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. என் வீட்டில் இத்தனை புழு இருந்ததா என்று எனக்கே அதிர்ச்சி. அவ்வளவும் ஒரே ராத்திரியில் அழுகினால் அம்மோனியா ஏறாமல் என்ன செய்யும்? இரண்டு நீமோ மீன்களில் ஒன்று மதியத்துக்குள் போய்விட்டது. தண்ணீரைச் சோதித்தபோது தாமிரம் காட்டியது. தாமிர மருந்து மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தனித் தொட்டியில் போடுவது. முதுகெலும்பில்லாத உயிர்கள் அதில் தப்புவது அரிது. மணலும் பாறையும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும்.

செத்தவற்றை அள்ளும்போதுதான் அது கையில் அகப்பட்டது. இரண்டங்குலம், பச்சை உடம்பு, காம்பின் மேல் கண்கள், முன்கைகளைக் கும்பிடு பூச்சி மாதிரி மடித்து வைத்திருந்தது. மேண்டிஸ் இறால். நத்தை ஓட்டை உடைத்ததும் ராத்திரிச் சத்தம் போட்டதும் இதுதான். பாறையோடு என் வீட்டுக்கு வந்து, எந்தப் பொந்தில் இருந்தது என்று தெரியாமலே செத்துப் போனது. (பிஸ்டல் இறாலும் இப்படிச் சத்தம் போடும். அதற்கு ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கும். பெரும்பாலும் அதனால் தொல்லையில்லை.)

பூரான் என்று நினைத்து நான் கொன்ற புழுவோ மிச்சம் மீதியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் தோட்டி. தொட்டால் முள் ஏறும், எரியும், அவ்வளவுதான். பவளத்தைத் தின்பதாகப் பெயர்போன ஹெர்மோடிஸ் என்ற ஃபயர் வார்முக்கு முள்ளோடு சேர்ந்து சிவப்புக் குஞ்சம் போலச் செவுள்கள் இருக்கும். அது அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் பக்கத்துப் புழு. இந்தோனேசியப் பாறை என்று விற்றவரே அட்லாண்டிக் புழு என்று சொல்லி மருந்தும் விற்றிருக்கிறார். பெயர் வைப்பது இலவசம். அந்தப் பெயருக்கு ஏற்ற மருந்துக்குத்தான் காசு.

போன் செய்து கேட்டேன். "டோஸ் ஜாஸ்தியா ஊத்திட்டீங்க" என்றார் முதலில். மேண்டிஸ் கிடைத்ததைச் சொன்னதும், "பாத்தீங்களா, மருந்து வேலை செஞ்சிருக்கு!" என்றார். வாயடைத்துப் போனேன்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "பாறையை ஒரு பெரிய அண்டாவுல போட்டுக் கொதிக்க வெச்சு எடுத்துடுங்க, புதுசாயிடும்." பிரியாணி அண்டாவை என் மனைவி எடுத்தே வைத்துவிட்டார். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். பாறையில் ஒட்டியிருக்கும் பாலிதோவா போன்ற பொத்தான் உயிர்களில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் இருக்கலாம். சூட்டில் அது அழியாது. ஆவியோடு நெஞ்சுக்குள் போகும். 2018ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில், தொட்டிப் பவளத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்த ஒரு வீட்டிலிருந்து, குடும்பத்தாரும் உதவிக்கு வந்தவர்களுமாகப் பத்துப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர்கள் கொதிக்கக்கூட வைக்கவில்லை.

பாறையில் ஏதாவது தெரிந்தால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டி ராத்திரியில் பாருங்கள். சிவப்பு வெளிச்சத்துக்கு அவை அவ்வளவாக ஓடுவதில்லை. என்ன தின்கிறது, எந்தப் பொந்தில் இருக்கிறது என்று நாலு ராத்திரி பார்த்து எழுதி வையுங்கள். படத்தை, உங்களிடம் எதுவும் விற்காத இரண்டு பேரிடமாவது காட்டுங்கள்.

பாறை இப்போது மொட்டைமாடி டிரம்மில் மூடிக் கிடக்கிறது. கடலில் போட்டுவிடு என்றார் ஒரு நண்பர். எந்தக் கடலிலிருந்து வந்தது என்றே தெரியாததை, அதுவும் தாமிரம் ஏறியதை, பெசன்ட் நகரில் கொட்ட எனக்கு மனசில்லை. பாதி விலைக்குக் கேட்டு இரண்டு பேர் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். சும்மாகூடத் தர மாட்டேன்.