கிண்டி சிறுவர் பூங்கா: மானைப் பார்த்த பிறகு மரத்தையும் பாருங்கள்

சென்னையை விட்டு வெளியே போகாமல் குழந்தைகளுக்குக் காடு காட்ட ஒரு இடம் கேட்டால் நான் கிண்டி சிறுவர் பூங்காவைத்தான் சொல்வேன். 2024இல் புதுப்பித்துத் திறந்த பிறகு மனைவி, மகள், அப்பா எல்லோருமாகப் போனோம். பறவைகள், விளையாட்டு இடம் எல்லாம் நன்றாக இருக்கின்றன, சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சரி. ஆனால் நாங்கள் நகர மனமில்லாமல் நின்றது மான்களுக்கு முன்னால்தான்.

ஆண் புள்ளிமான் ஒன்று வேலிக்குப் பக்கத்திலேயே நின்றது. கொம்பு முழுக்கப் பூனை ரோமம் போல மெத்தென்று முடி, நுனி கூராக இல்லாமல் மழுங்கி இருந்தது. "கொம்புல எதுக்கு தாத்தா முடி?" என்று மகள் கேட்டாள். வளர்கிற கொம்பு அப்படித்தான் இருக்கும், மேலே இருப்பது ரத்தம் ஓடுகிற தோல். கொம்பு முற்றியதும் தோல் உரிந்துவிடும், அப்புறம் கொம்பே விழுந்து புதிதாக முளைக்கும். "வலிக்காதா?" முற்றிய கொம்பில் உணர்ச்சி இருக்காது என்று அப்பா சொன்ன பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. முறுக்குக் கொம்போடு நிற்கிற வெளிமானுக்கு இந்தக் கதையே கிடையாது, முளைத்தது ஆயுளுக்கும் அதுதான். ஒரே காட்டில், ஒரே புல்லை மேய்கிற இரண்டுக்குள் இவ்வளவு வித்தியாசம்!

பூங்காவை ஒட்டியிருக்கும் தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். உயர்ந்த மரங்களை எதிர்பார்த்து வருகிறவர்கள் இதெல்லாம் ஒரு காடா என்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கொஞ்சி, காட்டு எலுமிச்சை என்று குட்டையும் அடர்த்தியுமாக நிற்கிற இந்த மரஞ்செடிகள், ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி மே மாத வெயிலிலும் பச்சை மாறாமல் தாக்குப்பிடிக்கின்றன. இந்தக் கரையோரக் காடு இப்போது துண்டு துண்டாகத்தான் மிச்சமிருக்கிறது. ஐஐடி வளாகமே இந்தக் காட்டிலிருந்து பிரிந்த நிலம்தான். அப்பா வெகுநேரம் எதுவும் பேசாமல் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார், நானும் அவரை அவசரப்படுத்தவில்லை.

மனசு வலித்த விஷயம் ஒன்று, அன்றைக்குப் பூங்காவுக்கு வந்திருந்த சிலர் போனில் சத்தமாகப் பாட்டு வைத்ததும் மானிடம் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டியதும். பிளாஸ்டிக் வயிற்றில் சேர்ந்து மான்கள் செத்துப்போகின்றன, தயவுசெய்து வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலையிலேயே போய்விடுங்கள், ஞாயிறு வேண்டாம். பக்கத்திலேயே பாம்புப் பண்ணை இருக்கிறது, அதற்குத் தனி டிக்கெட்; சின்னக் குழந்தை இருந்தால் அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.