முதல் பிரையர் பைப்: கரியா, பால்சாவா, ஃபில்டரே வேண்டாமா?

புகையிலை பைப் வாங்கப்போகிறேன் என்று சொல்லும் நண்பர்கள் எல்லோரும் வடிவத்தைத்தான் முதலில் பேசுகிறார்கள். வளைந்தது நல்லதா, நேரானது நல்லதா, வழவழப்பா, சொரசொரப்பா என்று ஒரே ஆராய்ச்சி. வடிவம் கண்ணுக்குப் பிடித்தால் போதும். வாய்க்குழலைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஃபில்டருக்கென்று எத்தனை மில்லிமீட்டர் துளை இருக்கிறது என்பதுதான் அடுத்த பல வருடங்களுக்கு உங்கள் நாக்கின் நிம்மதியைத் தீர்மானிக்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் பைப்புக்கு 9 மில்லிமீட்டர் துளை, கூடவே, ஃபில்டர் போடாதபோது அந்த இடத்தை அடைக்கும் ஓர் அடாப்டர்.

நான் நூர்ன்பெர்க் நகரில் இயந்திர உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் வேலையில் இருக்கிறேன். இதே ஊரில் 1848-இல் தொடங்கிய ஃபாவென் என்ற பைப் நிறுவனம், டாக்டர் பெர்ல் என்ற கரி ஃபில்டரை 1934-இல் கொண்டுவந்தது. ஜெர்மனியில் இன்று எந்தப் புகையிலைக் கடைக்குப் போனாலும் அலமாரியில் இருக்கும் பைப்புகளில் பெரும்பாலானவை 9 மில்லிமீட்டர் துளை கொண்டவைதான். என் முதல் பைப்பும் ஃபாவென்தான். ஆனால் ஊர்ப் பாசத்தால் நான் இதைச் சொல்லவில்லை. பால்சா மர ஃபில்டரையும் பீட்டர்சன் நிறுவனத்தின் பைப்பையும் நெடுநாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

ஃபில்டர் எதற்கு என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. புகையிலை எரியும்போது நீராவி வெளிவரும். அது பைப்பின் தண்டுக்குள் வந்து குளிர்ந்து நீராகிறது. அந்த நீரோடு தார் கலந்து பழுப்பாக, கசப்பாக ஒரு சாறு திரளும். இழுக்கும்போது களகளவென்று சத்தம் கேட்டால் அதுதான். பிரையர் என்பது மத்தியதரைக்கடல் ஓரங்களில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதர்ச்செடியின் வேர்க்கட்டி. அந்த மரம் சூட்டையும் தாங்கும், ஓரளவு ஈரத்தையும் குடிக்கும். ஆனால் புதிதாகப் புகைக்கத் தொடங்குகிறவர் அணைந்துவிடுமோ என்ற பயத்தில் வேகமாக இழுப்பார். வேகமாக இழுத்தால் சூடு கூடும், ஆவி கூடும், நாக்கு வெந்துபோகும். முதல் வாரத்திலேயே பைப்பை மேசைக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். நல்ல பைப், நல்ல புகையிலை, இடையில் ஒரு சிறு குழல் இல்லாத குறை.

கரி ஃபில்டர் ஏறத்தாழ நாலு சென்டிமீட்டர் நீளமுள்ள காகிதக் குழல். உள்ளே செயலூட்டப்பட்ட கரியின் சிறு மணிகள். ஒரு முனையில் பீங்கான் மூடி, மறுமுனையில் பிளாஸ்டிக் மூடி. பீங்கான் பக்கம், புகையிலை நிரப்பும் கிண்ணத்தைப் பார்த்து இருக்கவேண்டும். சூடு அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. இரு முனையும் பீங்கானாக உள்ள ஃபில்டர்களில் இந்தக் கவலை கிடையாது. புகைத்து முடித்த ஒன்றை பிளேடால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். கிண்ணத்துப் பக்கக் காகிதம் தேநீர்க் கறை போல் பழுத்திருக்கும், மணிகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். வாய்ப் பக்கம் வர வர மணிகள் உதிரியாகி, தட்டினால் சலசலவென்று கொட்டும். ஃபில்டர் இல்லாவிட்டால் அந்த ஈரமெல்லாம் எங்கே வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

குறையும் இருக்கிறது. கரி ஈரத்தோடு சுவையின் ஒரு பங்கையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. வனிலா, செர்ரி வாசனை ஏற்றிய புகையிலைகளில் இது பெரிதாகத் தெரியாது. அவை இயல்பிலேயே ஈரம் மிகுந்தவை என்பதால் அவற்றுக்குக் கரி ஃபில்டர் மிகப் பொருத்தம். சர்க்கரைச் சத்து மிகுந்த வர்ஜீனியா புகையிலை நாக்கைச் சுடக்கூடியது. அதற்கும் கரி துணை நிற்கும். ஆனால் புகையில் பதப்படுத்திய லட்டாக்கியா இலை கலந்த ஆங்கிலேயக் கலவைகளை இதில் புகைத்தால் அந்த விறகுப் புகை மணம் மங்கிவிடுகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை.

அந்த இடத்தில்தான் பால்சா வருகிறது. 1876-இல் மிலான் நகரில் தொடங்கிய சாவினெல்லி நிறுவனத்தின் பைப்புகளில் முக்கோண வெட்டுள்ள, 6 மில்லிமீட்டர் அளவிலான ஒரு பால்சா மரக்குச்சியைச் செருகுகிறார்கள். கரியில் புகை மணிகளுக்கு ஊடாகப் போகிறது. இங்கே குச்சியின் மூன்று பக்கங்களையும் தழுவிக்கொண்டு போகிறது. பால்சா மிக மெத்தென்ற மரம், ஈரத்தை உறிஞ்சும், சுவையில் அதிகம் கைவைக்காது. போடும்போது வெள்ளையாக இருக்கும் குச்சி, எடுக்கும்போது கிண்ணத்துப் பக்கம் கருத்து, வாய்ப் பக்கம் வைக்கோல் நிறத்தில் இருக்கும். எவ்வளவு ஈரம் இழுத்தது என்பதைக் கண்ணாலேயே படித்துவிடலாம். சுவை ஒன்றையே அளவுகோலாக வைத்தால் நான் பால்சாவுக்குத்தான் கை தூக்குவேன். இருந்தும் முதல் பைப்புக்கு அதைச் சொல்லமாட்டேன். 6 மில்லிமீட்டர் துளைக்குள் 9 மில்லிமீட்டர் கரி ஃபில்டர் நுழையாது. 9 மில்லிமீட்டர் துளைக்கோ பால்சாவும் அந்த அளவில் கிடைக்கிறது, கரியும் கிடைக்கிறது, மீர்ஷாம் என்ற வெண்கல் மணிகள் நிரப்பியதும் கிடைக்கிறது. அடாப்டரைச் செருகினால் ஃபில்டர் இல்லாமலும் புகைக்கலாம். தனக்கு எது பிடிக்கும் என்று இன்னும் தெரியாதவருக்கு இத்தனை வழியும் திறந்திருக்கும் பைப்தான் வேண்டும்.

டப்ளினின் பீட்டர்சன் நிறுவனம் 1890-இல் காப்புரிமை பெற்ற சிஸ்டம் பைப்பை இந்தப் பேச்சில் விட்டுவிட முடியாது. அதில் மாற்றவேண்டிய பொருள் எதுவும் இல்லை. தண்டின் அடியில் ஒரு சிறு பள்ளம், சாறு அதில் தேங்கிவிடும். வாய்க்குழலின் துளை மேல்நோக்கித் திறப்பதால் புகை நேராக நாக்கில் படாமல் அண்ணத்தைத் தொடுகிறது. அழகான யோசனை, இன்றைக்கும் நான் வியக்கும் வேலைப்பாடு. ஆனால் தேங்கியதை ஒவ்வொரு முறையும் துடைத்தெடுக்கும் பொறுமை வேண்டும், இல்லாவிட்டால் பள்ளமே நாற்றமெடுக்கும். இரண்டாவது பைப்பாக வாங்குங்கள். கனடாவின் பிரிகம் பைப்பில் வரும் மேப்பிள் மரக் குழலும் நல்லதுதான், ஆனால் அது அந்த பைப்புக்கென்றே செய்தது. பழைய அமெரிக்க பைப்புகளில் வாய்க்குழலின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோக முள்ளை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆவி அதில் பட்டுக் குளிரும், உறிஞ்சிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

அடாப்டர் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். 9 மில்லிமீட்டர் பைப்பில் ஃபில்டரும் போடாமல் அடாப்டரும் போடாமல் புகைக்காதீர்கள். ஒடுங்கிய துளையில் வந்த புகை திடீரென்று அகலமான வெற்றிடத்துக்குள் விழுந்து, சுழன்று, அங்கேயே குளிர்கிறது. இருக்கிற ஈரமெல்லாம் அந்த இடத்தில் தேங்கும். அடாப்டர் என்ற சிறு குழல் அந்த வெற்றிடத்தை அடைத்து வழியை ஒரே சீராக்குகிறது.

பராமரிப்பு சுலபம்தான். ஒருமுறை புகைத்தால் ஒரு ஃபில்டர். பைப் முழுதும் ஆறியபின் வாய்க்குழலை மெல்லத் திருகிக் கழற்றி, ஃபில்டரை வீசிவிட்டு, பஞ்சு சுற்றிய கம்பியால் துளையைத் துடைத்து, ஒரு நாளாவது பைப்புக்கு ஓய்வு கொடுங்கள். சூட்டோடு கழற்றினால் இணைப்பு தளர்ந்துபோகும், தண்டு விரிசல் விடவும் கூடும். ஈர ஃபில்டரை இரவு முழுக்க உள்ளே விட்டுவைத்தால் அடுத்த நாள் முதல் இழுப்பே புளிக்கும். பெரிய டப்பாவாக வாங்கினால் ஒரு கரி ஃபில்டருக்கு ஆகும் செலவு குறைவுதான். ஒன்றையே இரண்டு மூன்று முறை ஓட்டிச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். ஊறிப்போன கரியால் ஒரு பயனும் இல்லை.

புகையிலை நொதநொதவென்று ஈரமாக இருந்தால் உலகின் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. ஒரு தட்டில் பரப்பி சற்று உலரவிட்டு, விரலால் கிள்ளினால் ஒட்டாத பதத்தில் நிரப்புங்கள்.

ஃபில்டர் போட்டால் உடம்புக்குத் தீங்கில்லை என்று விற்பனைக்காக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பைப் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் நிக்கோடின் வாய்ச்சவ்வு வழியாகவே உடம்பில் ஏறும். வாய்ப் புற்றுநோய்க்கான ஆபத்து ஃபில்டரால் நீங்கிவிடாது. புகைப் பழக்கம் இல்லாத எவரும் இதைப் படித்துத் தொடங்கவேண்டாம். ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட பெரியவர்களுக்காகவே எழுதுகிறேன்.

கடையில் பணம் கொடுக்கும் முன் வாய்க்குழலைக் கழற்றி, ஒரு ஃபில்டரை உங்கள் கையாலேயே செருகிப் பாருங்கள். 9 மில்லிமீட்டர் என்று ஒரே எண்ணை எழுதியிருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் மயிரிழை வேறுபாடு இருக்கிறது, நீளத்திலும் சிறிது கூடக்குறைய வரும். அளந்து பழகிய கை என்பதால் எனக்கு இது உடனே தெரிந்துவிடுகிறது, உங்கள் விரலுக்கும் தெரியும். விரலால் தள்ளினால் போகவேண்டும், கவிழ்த்தால் தானாக விழக்கூடாது. செருகியபின் வாய்க்குழலைப் பொருத்தினால் தண்டோடு இடைவெளியின்றிச் சேரவேண்டும். இடைவெளி தெரிந்தால் ஃபில்டர் நீளம் அதிகம், வேறு ஃபில்டரைக் கேளுங்கள். பெட்டிக்குள் அடாப்டர் இல்லையென்றால் அங்கேயே தனியாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.