வாத்துக்குக் கால் சரியில்லையா? ஆன்லைன் ‘சிகிச்சைத் தொகுப்பு’க்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 6,500 ரூபாய். ஒரு வாத்தின் காலைச் சரிசெய்து தருகிறோம் என்று என்னிடம் வாங்கிக்கொண்டது அவ்வளவு. கால் சரியாகவில்லை, பணமும் திரும்பவில்லை. கேட்டால் “உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது” என்று பதில் வருகிறது. யாருக்குத் தீர்ந்தது என்றுதான் தெரியவில்லை.

பெயரைப் போடவில்லை. வாத்தையும் கவனித்துக்கொண்டு வக்கீல் நோட்டீசுக்கும் பதில் எழுதிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. எந்த மாதிரி ஆட்கள் என்று மட்டும் சொல்கிறேன். செல்லப்பிராணிகளுக்கும் வீட்டுப் பறவைகளுக்கும் வீடியோ அழைப்பில் ஆலோசனை தருவதாகச் சொல்லி, அதே மூச்சில் மருந்தையும் தாங்களே விற்கிற ஒரு செயலி. ஆலோசனை இலவசம். தூண்டிலே அதுதான்.

என் முத்து வெள்ளைப் பெட்டை வாத்து, பெக்கின் இனம். உடம்பு நல்ல கனம். திடீரென்று இடது காலைத் தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்தாள். மற்றதெல்லாம் தொட்டியை நோக்கி ஓடினால் இவள் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். தீனி குறையவில்லை, கண்ணும் தெளிவாகத்தான் இருந்தது. நாய், பூனை பார்க்கிற மருத்துவர்கள் தாராளமாக இருக்கிறார்கள். வாத்து என்றதும் “நாங்கள் பறவை பார்ப்பதில்லை” என்பார்கள். வாத்து வளர்க்கிற எல்லோருக்கும் இது தெரியும், அந்தச் செயலிக்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

வீடியோவில் வந்தவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார், கழுத்தில் ஸ்டெதஸ்கோப். (அந்தப் பக்கம் இருந்துகொண்டு என் வாத்தின் நெஞ்சில் அதை எப்படி வைப்பாராம்?) முதல் கேள்வியே, “பெயர் என்ன வெச்சிருக்கீங்க?” என்பதுதான். சொன்னேன். “முத்துவைக் கொஞ்சம் நடக்க விடுங்க மேடம், நான் பார்க்கிறேன்” என்றார். நடக்க விட்டேன். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, “வலியை மறைச்சுக்கிட்டு நடக்கிறா. பறவைங்க அப்படித்தான், முடியாத கட்டம் வரைக்கும் காட்டிக்காது” என்றார்.

இது உண்மை. பறவைகள் நோவை மறைக்கும். வேட்டைக்கு இரையாகும் பல உயிர்களுக்கும் அந்தக் குணம் உண்டு. இத்தனை விஷயம் தெரிந்தவர், என் வாத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர், ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

அடுத்து நியாசின் பேச்சு. கோழிக்குஞ்சுக்கு வேண்டியதைவிட வாத்துக்குஞ்சுக்கு இந்த பி3 விட்டமின் ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும், கோழித் தீவனத்தை மட்டும் போட்டு வளர்த்தால் கால் வளையும், மூட்டு வீங்கும் என்றார். அதுவும் உண்மைதான். வாத்துக்குஞ்சுத் தீவனத்தில் கிலோவுக்கு 55 மில்லிகிராம் அளவுக்கு நியாசின் இருக்க வேண்டும் என்பது தீவனம் கலக்கிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. இப்படி நாலு உண்மையைச் சொல்லிவிட்டு ஐந்தாவதாக வந்தது பொய்: “முத்துவுக்கு நியாசின் குறைவால முட்டித் தேய்மானம். இன்னைக்கே ஆரம்பிக்கலைன்னா நிரந்தர ஊனம்.” திரையில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்தது. சலுகை விலை 6,500, நேரம் முடிந்தால் கிடையாதாம்.

அந்த அழைப்பு முழுவதிலும் ஒரு தடவைகூட “பாதத்தைத் திருப்பிக் காட்டுங்கள்” என்று அவர் கேட்கவில்லை. வயதைக் கேட்கவில்லை. முட்டை இடுகிறாளா என்று கேட்கவில்லை. எந்தத் தரையில் நடக்கிறாள் என்று கேட்கவில்லை.

பெட்டி வந்தது. ஒரு டப்பா நிறைய பழுப்புத் தூள், மூடியைத் திறந்ததும் ஈஸ்ட் வாசனை. மேலே ஒட்டியிருந்த ‘வாத்துக் கால் வலுவூட்டி’ ஸ்டிக்கரின் ஓரம் பிரிந்திருந்தது, உரித்துப் பார்த்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். மனிதர்கள் பாலில் கலந்து குடிக்கிற சாதாரண புரூவர்ஸ் ஈஸ்ட்! அதில் நியாசின் இருக்கிறது, கெடுதல் ஒன்றும் இல்லை. கெடுதல் இல்லாத ஒன்றைத்தான் 6,500-க்கு விற்றிருக்கிறார்கள். கூடவே ஒரு ‘மூட்டு டானிக்’. அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட அச்சிடவில்லை, அதனால் முத்துவின் வாயருகே கொண்டுபோகவே இல்லை.

மூன்றாவது, வெல்க்ரோ வைத்த கால் பட்டை. உள்பக்கம் குட்டி நாய்ப் படம் போட்ட துணிச்சீட்டு தைத்திருந்தது. நாய்க்குச் செய்ததை வாத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். ‘இரவு பகல் கழற்றக் கூடாது’ என்று குறிப்பு வேறு. மாட்டிவிட்டுச் சிறிது நேரத்தில் பார்த்தால், பட்டைக்குக் கீழே விரலிடைச் சவ்வு ஆரஞ்சு நிறம் போய்க் கருநீலமாகிக்கொண்டிருந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. ரத்த ஓட்டம் நின்றுபோகிறது என்று புரிந்ததும் பிய்த்துக் கழற்றி எறிந்தேன். அந்தக் குறிப்பை நம்பி யாராவது ஒரு ராத்திரி அப்படியே விட்டிருந்தால் அந்த வாத்துக்குக் கால் இருந்திருக்காது.

அதற்கப்புறம்தான் நிஜமான கூத்து. வீக்கம் கூடியிருக்கிறது என்று செய்தி அனுப்பினால், “மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அறிகுறி” என்றார்கள். படம் அனுப்பினால், “படம் தெளிவாக இல்லை”. வெளிச்சத்தில் வைத்து மறுபடி எடுத்து அனுப்பினால், “கோப்பின் அளவு அதிகம்”. மருத்துவரிடம் பேச வேண்டும் என்றால் அவர் விடுப்பில். எப்போது வருவார்? “48 மணி நேரத்துக்குள் தொடர்புகொள்வோம்.” அந்த 48 மணி நேரம் அவர்கள் ஊர்க் கடிகாரத்தில் முடியவே முடியாது போலிருக்கிறது.

சரி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். முத்திரை பிரித்த பொருளைத் திரும்பப் பெற முடியாதாம். பிரிக்காமல் எப்படி ஐயா கொடுப்பது, டப்பாவோடு விழுங்கச் சொல்வதா? கால் பட்டை நாய்க்கானது என்றேன். “அது அனைத்துப் பிராணிகளுக்கும் பொருந்தும் வடிவமைப்பு.” அந்த மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்டேன். அவர் மருத்துவர் இல்லையாம், ‘பறவை நல ஆலோசகர்’. வெள்ளைக் கோட்டு சீருடையாம். விடாமல் முயன்று தொலைபேசியில் ஒரு ஆளைப் பிடித்தபோது அந்தப் பையன் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “வாத்துதானே மேடம், இதுக்குப் போய் இவ்வளவு டென்ஷன் ஆகுறீங்க?”

6,500 வாங்கும்போது அது முத்து. திருப்பிக் கேட்கும்போது வாத்துதானே!

தேடி அலைந்து பறவை பார்க்கிற ஒரு கால்நடை மருத்துவரைப் பிடித்தேன். அவர் இறக்கைகளை உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்கினார், மடியில் வைத்தார், முதல் வேலையாகப் பாதத்தைத் திருப்பினார். உள்ளங்கால் நடுவில் மிளகளவுக்குக் கறுத்த பொருக்கு. சுற்றிலும் வீக்கம், தொட்டால் மற்றக் காலைவிடச் சூடு. “பம்பிள்ஃபுட்” என்றார். பார்க்க ஆன நேரம் அவ்வளவுதான்.

கல்லோ முள்ளோ கீறிய சின்னக் காயத்தில் கிருமி புகுந்து உள்ளே சீழ் கட்டிக்கொள்வதாம், பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைக் கிருமி. பறவைக்குச் சீழ் நம்மைப் போல நீராக இருக்காது, பனீர் போலக் கெட்டியாக இறுகிவிடும். அதனால் தானாக உடைந்து வடிவதில்லை. கனமான வாத்து, கட்டாந்தரை, கம்பி வலைத் தளம், சேறும் எச்சமுமாக ஈரம் காயாத கொட்டில், இவையெல்லாம் இதை வரவழைக்கும். விட்டால் எலும்புவரை போகும். நியாசின் கதையைச் சொன்னேன். “விட்டமின் குறைஞ்சா இடது காலுக்கு மட்டும் தனியா குறையுமா?” என்று கேட்டார். ‘முட்டித் தேய்மானம்’ என்றதற்குச் சிரித்தே விட்டார். பின்பக்கமாக மடங்கித் தெரிவது கணுக்கால்தானாம், வாத்தின் முட்டி மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது.

கெட்டிச் சீழை எடுத்து, கழுவி, கட்டுப்போட்டு, எடைக்கு ஏற்ற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். மருந்து போகிற காலத்திலும் அது முடிந்து அவர் சொல்கிற நாள்வரையிலும் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று அவராகவே சொன்னார். கட்டணம் அந்த 6,500-இல் ஒரு சிறு பங்குகூட இல்லை. “ஆரம்பத்திலேயே வந்திருந்தா இவ்வளவு ஆழமா வெட்டியிருக்க வேண்டாம்” என்றார். அந்த ஆரம்ப நாட்களைத்தான் ஈஸ்ட் தூளும் நாய்ப் பட்டையும் தின்றுவிட்டன.

இப்போது முத்து காய்ந்த வைக்கோல் மெத்தையில் தனியாக இருக்கிறாள். புண் ஆறும்வரை நீச்சல் கிடையாது. ஆனால் மூக்கு முங்குகிற ஆழத்துக்கு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எப்போதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அலகையும் மூக்கையும் அலசாமல் வாத்தால் இருக்க முடியாது. கட்டு மாற்றும்போது எப்சம் உப்பு போட்ட வெதுவெதுப்பான நீரில் பாதத்தை ஊறவைத்து, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, அயோடின் மருந்து போட்டு மறுபடி கட்டுகிறேன்.

வாத்துக் கால் பற்றி முழுசாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கட்டு மாற்றும் நேரம் வந்துவிட்டது, அவசரமாகச் சிலது மட்டும். நொண்டினால் முதலில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு காலையும் தொட்டுச் சூட்டை ஒப்பிடுங்கள். முட்டையிடும் பெட்டை என்றால் முட்டை உள்ளே சிக்கியும் நொண்டலாம், அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். ஆணி, நாணயம், கம்பித்துண்டு என்று மின்னுவதையெல்லாம் வாத்து விழுங்கும், அப்படி உள்ளே போகிற துத்தநாகம், ஈயம் போன்ற உலோகங்களின் நஞ்சும் காலைத் தள்ளாட வைக்கலாம். காலைப் பிடித்துத் தூக்கவே தூக்காதீர்கள். நாம் போடுகிற வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பாதத்தைக் காட்டச் சொல்லாதவருக்கும், பதிவு எண் சொல்லாதவருக்கும், என்ன கலந்தது என்று எழுதாத மருந்துக்கும் ஒரு பைசா கட்டாதீர்கள்.

அப்புறம், அந்த மாதிரிச் செயலி எதிலாவது கார்டு விவரம் கொடுத்திருந்தால் உடனே போய் நீக்குங்கள். சற்றுமுன் எனக்கு வந்த செய்தி: “முத்துவின் இரண்டாம் கட்டத் தொகுப்பு தயார். 6,500 தானாகப் பிடித்தம் செய்யப்படும்.”